சுபேதாரின் இங்கிலீஷும் வீரணனின் கையும்

தேனி தாண்டியதும் வண்டியின் கடையாணி கழன்று, சக்கரம் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போடிப் பக்கம் ஓடியது. அதனால்தான் எனக்கும் சுபேதார் பொன்னையாவுக்கும் சினேகம் உண்டாயிற்று. அதுவரை ஒரே வண்டியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தும் இருவரும் மரியாதையாகத் தூங்கிக்கொண்டுதான் வந்தோம். வண்டி சாய்ந்த வேகத்தில் கண் விழித்தபோது நான் அவர் மடியில் கிடந்தேன். அதற்குப் பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

நான் கொழும்புக்காரன். புறக்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. ஐரோப்பாச் சண்டை ஓய்ந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், ஏலக்காயை விளையும் இடத்திலேயே பார்த்து வாங்கி வா என்று மைத்துனர் என்னைக் கிளப்பிவிட்டார். இந்தியாவை அதற்குமுன் நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி கையில் ஒரு குடையோடு வந்து இறங்கினேன். கொழும்பில் குடையில்லாமல் தெருவில் இறங்குகிறவன் மடையன். இங்கேயோ வானம் வெளுத்துக் கிடக்கிறது. ரயில் ஸ்டேஷனிலிருந்தே ஜனங்கள் என் குடையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வண்டிக்காரர் பெயர் பெரியகருப்பன். மலையிலிருந்து இறங்கும் தேயிலைப் பெட்டிகளை ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். திரும்பும்போது வெறும் வண்டியாகப் போகாமல் என்னைப் போன்ற ஆசாமிகளை ஏற்றிக்கொள்வார். நரைத்த மீசை, சிடுசிடுத்த முகம். ஓடிப்போன சக்கரத்தை அவர் தேடிப் போனபோது சுபேதாரும் கூடப் போக எழுந்தார். பெரியகருப்பன் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"அவகள உக்காரச் சொல்லுங்கய்யா. எஞ்சோலிய நான் பாத்துக்கிருவேன்."

பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் சொல்லவேண்டியதை என் மூலம் ஏன் சொல்லவேண்டும்? வழி முழுவதும் அப்படித்தான் நடந்தது. "அவகள நகரச் சொல்லுங்க," "அவக காலு மாட்டு மேல படுது." சுபேதார் ஒவ்வொரு தடவையும் சொன்னபடி கேட்டுக்கொண்டார். பட்டாளத்தில் அதிகாரம் பண்ணிய மனிதர் இவ்வளவு அடக்கமாக இருப்பது எனக்கு விநோதமாகப் பட்டது.

கடையாணிக்கு மாற்று கிடைக்கும் வரை ஒரு புளியமரத்தடியில் இருந்தோம். சுபேதார் தன் தூக்குச்சட்டியைத் திறந்து கம்பஞ்சோற்று உருண்டையும் மோர் மிளகாயும் எடுத்துக் கொடுத்தார். இடியப்பமும் சம்பலும் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. முதல் உருண்டை தொண்டையில் நின்றது. மிளகாயைக் கடித்ததும் கண்ணில் நீர் வந்து, இரண்டாவது உருண்டை தானாக இறங்கியது. மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.

அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார்.

"சிப்பாயாத்தான் சேந்தேன் தம்பி. வாயி நல்லா இருக்குன்னு பட்டாளத்துப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா ஆக்கிப்புட்டாக. நான் துப்பாக்கி தூக்குனத விட சாக்குக்கட்டி தூக்குனதுதான் சாஸ்தி. அப்புறம் சண்டை வந்துச்சு. ஊரூராப் போயி சேதி சொல்லுன்னாக. சந்தையில பெட்டி மேல ஏறி நின்னு, எந்தக் கடல்ல எந்தக் கப்பலு, எந்தச் சீமையில யாருக்கு செயம்னு சொல்லுவேன். கடைசியில, ஆளு வேணும், வாங்கன்னு கூப்பிடுவேன். வந்தாக."

அந்த "வந்தாக" என்பதற்குப் பிறகு தூக்குச்சட்டியை மூடி வைத்தார். சுபேதார் பதவியும் மரியாதையும் எல்லாம் அந்த வாய்க்குக் கிடைத்தவைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை.

மறுநாள் போடியில் நல்ல சந்தை. நான் தங்க இடம் தேடி அலையாமல் சுபேதார் தன் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். காலையில் என்னை ஓர் ஏலக்காய்க் கிடங்குக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததுமே அந்த மணத்தில் தலை கிறுகிறுத்தது. கொழும்பில் ஏலக்காயைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் முகர்ந்திருக்கிறேன். இங்கே மலை மலையாகக் குவிந்து கிடந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று முறத்தில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் மறுகோடியில்தான் சுபேதாரின் பள்ளிக்கூடம்.

மாணவர்கள் எல்லாரும் சண்டையிலிருந்து திரும்பியவர்கள். ஒருவருக்குக் கால் விளங்கவில்லை, ஒருவருக்கு ஒரு காது கேட்காது. அவர்களுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுப்பதற்காகவே சுபேதார் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த பாடமுறை பட்டாளத்து முறை ஒன்றுதான். எல்லாரும் விறைப்பாக நிற்கவேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே குரலாக முழங்கவேண்டும். "துரை அவர்களே! இன்று காலை மிகவும் இனிமையாக இருக்கிறது!" என்று அவர்கள் இங்கிலீஷில் போட்ட சத்தத்தில் கிடங்கின் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. முறம் பிடித்த பெண் ஒருத்தி, "காலை இனிமையாத்தேன் இருந்துச்சு, இவக கத்துற வரைக்கும்," என்றாள். என்ன கத்துகிறார்கள் என்று அவளுக்கு யாரோ அர்த்தம் சொல்லியிருக்கவேண்டும்.

அங்கேதான் வீரணனைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நல்ல உயரம். வலது கை முழங்கைக்கு மேலேயே இல்லை, சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தான். பாரசீகக் கடலுக்கு அப்பால் ஏதோ ஆற்றங்கரையில் போனதாம். அவனுக்கு மட்டும் தனிப்பாடம் நடந்தது. இரண்டு சிகரெட் டப்பாக்களை நீளக் கயிற்றால் இணைத்து, ஒன்றை சுபேதார் வாயில் வைத்துக்கொண்டு, மற்றதை அவன் காதில் வைத்துக்கொண்டு, டெலிபோன் பேசிப் பழகினார்கள்.

ஏன் டெலிபோன் என்று கேட்டேன். குரங்கணிக்கு மேலே மலை உச்சியில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இரும்புக் கயிறு கட்டி, பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்குகிறார்கள். அதை இங்கே ரோப்பு என்கிறார்கள். கீழ் டேசனில் இருப்பவன் மேலே இருக்கும் துரைமாரோடு டெலிபோனில் இங்கிலீஷ் பேசவேண்டும். அந்த வேலை காலியாக இருக்கிறது. நாளைக்குச் சோதனை. ஒரு கையோடு ஏர் பிடிக்க முடியாது, ஏலத்தோட்டத்தில் ஏற்ற இறக்கம் நடக்க முடியாது. வாயால் செய்யக்கூடிய வேலை இந்தச் சீமையில் இது ஒன்றுதான்.

"இது கெடைக்கலேன்னா அவனுக்குப் பொண்ணும் இல்ல தம்பி," என்றார் சுபேதார். "தாய்மாமன் மகள், சின்ன வயசுலயே பேசி வச்சது. பொழப்பு இல்லாதவனுக்கு எப்படிக் குடுக்கன்னு மாமன் நிக்கிறான். அவன் சொல்றதும் நாயந்தானே?"

மாமன் யார் என்று கேட்டேன். நேற்று நம்மை ஏற்றி வந்த பெரியகருப்பன்தான் என்றார். மிச்சத்தையும் அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கியது. போடிச் சந்தையில் பெட்டி மேல் ஏறி நின்று இவர் கூப்பிட்டபோது, முன்வரிசையில் நின்று கேட்டுவிட்டு அன்றைக்கே பேர் கொடுத்தவன் வீரணனாம். பையன் கை போய்த் திரும்பியதிலிருந்து பெரியகருப்பன் சுபேதாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீரணனையும் மாப்ளே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம்.

மத்தியானம் சுபேதார் வீட்டில் சாப்பாடு. சோளச்சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய். எனக்கு எதிரே வீரணனுக்கும் தட்டு வைத்தார்கள். சுபேதாரின் மனைவி பரிமாறி முடித்ததும் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். கூச்சம் போலும் என்று நினைத்துக்கொண்டு நான் குழம்பை இன்னொரு முறை ஊற்றச் சொன்னேன். கருவாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் பெரியகருப்பனின் வண்டியிலேயே குரங்கணிக்குப் புறப்பட்டோம். அவருக்குப் பெட்டி ஏற்றும் சோலி, எனக்கு ஏலச்சரக்கு பார்க்கும் சோலி. வீரணன் வண்டியில் ஏறவில்லை, பின்னாலேயே நடந்து வந்தான். தேவாரத்துப் பக்கம் சோளக்கொல்லையில் யானை இறங்கிவிட்டதென்று வழியில் ஒருவர் சொன்னார். நான் உடனே குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "அதக் காட்டித்தேன் யானைய வெரட்டப் போறீகளாக்கும்," என்று பெரியகருப்பன் முதல் தடவையாகச் சிரித்தார்.

குரங்கணியில் காற்றுக்கே வேறு குணம். சில்லென்று இருந்தது. ஓடைக்கரை நிழலில் ஏலச்செடிகள், மேட்டில் காப்பிச்செடிகள். அண்ணாந்து பார்த்தால் மேகத்துக்குள்ளிருந்து தேயிலைப் பெட்டிகள் ஆடி அசைந்து இறங்கி வருகின்றன. கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பார்த்துப் பழகியவன் நான். இருந்தும் தலைக்கு நேர் மேலே பெட்டி வரும்போது குடையை விரித்துவிட்டேன். இதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

சோதனைக்கு வந்த சூப்பிரண்டு துரை நடுத்தர வயசு, செம்பட்டை மீசை. வீரணனை டெலிபோனுக்கு முன்னால் நிறுத்தினார். எனக்கு அந்தப் பிள்ளையை இரண்டு நாளாகத்தான் தெரியும். ஆனாலும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் ஓரடி முன்னால் போய் நின்றேன். அவன் விறைப்பாக நின்று, மூச்சை இழுத்து, இங்கிலீஷில் முழங்கினான்: "கீழ் டேசன் பேசுகிறேன் ஐயா! பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன ஐயா! அடுத்ததை அனுப்பலாம் ஐயா!" உச்சியில் இருந்தவர் என்ன சொன்னாரோ, வீரணன் அதைத் துரையிடம் ஒப்பித்தான்: "டெலிபோன் இல்லாமலே கேட்கிறதாம் ஐயா, கொஞ்சம் மெதுவாகப் பேசவேண்டுமாம் ஐயா!" துரை விழுந்து விழுந்து சிரித்தார். சுபேதாரின் முகம் மலர்ந்தது. வேலை கிடைத்தாகிவிட்டது என்றே நினைத்தோம்.

துரை கை குலுக்குவதற்காக வலது கையை நீட்டினார். உடனே, மடித்துக் குத்திய சட்டையைப் பார்த்துவிட்டு, இங்கிதமாக அதை மடக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். வீரணன் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனான். தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். துரையின் கை அந்தரத்தில் நின்றது. முகம் ரத்தமாகச் சிவந்தது.

"என்னைத் தொட்டால் இவனுக்குத் தீட்டா?" என்று சுபேதாரிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

சுபேதார் பின்னாலேயே ஓடினார். நானும் போனேன். சுபேதார் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "துரை அவர்களே, அவன் உங்களை அவமதிக்கவில்லை. அவமதிக்கக் கூடாதென்றுதான் கையை ஒளித்தான். கால் கழுவும் கை அது. எங்கள் ஜனங்கள் மதிக்கிற மனிதருக்கு அந்தக் கையால் எதையும் கொடுக்கமாட்டார்கள், அந்தக் கையிலிருந்து எதையும் வாங்கவும் மாட்டார்கள்."

துரை யோசித்தார். "அப்படியானால் அவன் எப்படிச் சாப்பிடுகிறான்?"

"யாரும் பார்க்காத இடத்தில், ஐயா."

எனக்கு மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் கருவாட்டை ருசித்துக்கொண்டிருந்தேன்.

துரைக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் வேறொரு சங்கடத்தைச் சொன்னார். இந்த டேசன்காரனுக்கு டெலிபோன் மட்டும் வேலையில்லை. பெட்டி ஏற்றிக் கிளம்பும் ஒவ்வொரு வண்டிக்காரன் கையிலும் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தனுப்பவேண்டும். அந்த வில்லை இருந்தால்தான் போடிக் கிடங்கில் பெட்டியை இறக்கிக்கொள்வார்கள். பலகையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்ன காலத்தில் காணாமல் போய்ச் சண்டை வந்ததால், கைக்குக் கை கொடுக்கவேண்டும் என்பது கண்டிப்பான சட்டம். "இவன் கொடுக்கமாட்டான், அவர்கள் வாங்கமாட்டார்கள் என்றால் நான் என்ன செய்வது? காலையில் வண்டிகள் கிளம்பும். வாங்கிக்கொண்டால் வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் சொன்னதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் சுபேதார் ஓடைக்கரையில் தனியாக உலாத்தினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பேசுவதற்குத் தயார் செய்துகொள்கிறார் என்று தெரிந்தது.

விடிந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றன. பெட்டி ஏற்றியாகிவிட்டது. மாடுகளுக்கு முன்னால் வண்டிக்காரர்கள் நின்றார்கள், முதல் ஆளாகப் பெரியகருப்பன். வீரணன் வில்லைகள் இருந்த கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. துரை வாசலில் நின்று பார்த்தார்.

சுபேதார் ஒரு வெற்றுப் பெட்டியின் மேல் ஏறினார். தொண்டையைச் செருமினார். "சொந்தக்காரங்களே!" என்று தொடங்கினார். நல்ல கணீரென்ற குரல். சந்தையே ஏன் மயங்கியது என்று ஒரு வார்த்தையில் தெரிந்துகொண்டேன். "தேசத்துக்காகக் கை குடுத்தவன் இங்க நிக்கிறான். அந்தக் கை..."

"சுபேதாரய்யா, போதும்."

பெரியகருப்பன்தான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நீங்க பேசிப் பேசித்தேன் இவனுக்குச் சோத்துக்கை போச்சு. மிச்சம் இருக்குற கைக்குப் பேச்சு வேணாம்யா. எறங்குங்க."

சுபேதார் அப்படியே நின்றார். பிறகு, வயசானவர் படி இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்துக் கீழே இறங்கி, அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். வீரணனை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியகருப்பன் தன் மாடுகளிடம் திரும்பிப் போனார். இரண்டு மாட்டின் மூக்கணாங்கயிறுகளையும் வலது கையால் சேர்த்துப் பிடித்தார். பிடித்தபடியே இடது கையை வீரணன் பக்கம் நீட்டினார்.

"வெரசாக் கொண்டா மாப்ளே. சோத்துக்கையில கயிறு இருக்கு. விட்டா மாடு மெரளும்."

மாடுகள் இரண்டும் நின்ற இடத்தில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. இடி விழுந்தாலும் அவை மிரளப்போவதில்லை.

வீரணன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தான். குனிந்து ஒரு வில்லையை எடுத்து மாமன் கையில் வைத்தான். இடது கையிலிருந்து இடது கைக்குப் போயிற்று. பெரியகருப்பன் அதை மடியில் முடிந்துகொண்டு, மாட்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த வண்டிக்காரர் வந்தார். அவரும் வலது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினார். அதற்கடுத்தவரும் அப்படியே செய்தார். ஒரு கிழவரின் மாடுகள் இன்னும் பூட்டப்படாமல் தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடுத்தவன் மாட்டுக் கயிற்றை இரவல் வாங்கி வலது கையில் பிடித்துக்கொண்டு வில்லையை வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு வீரணனிடம் வந்து, நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

திரும்பும் வழியில் பெரியகருப்பனின் வண்டியை எட்டிப் பிடித்தோம். பெட்டிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பாதி வழியில் பெரியகருப்பன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, பின்பக்கம் பாராமலே நீட்டினார். "சுபேதாரய்யா, போடுறீகளா?" சுபேதார் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், பாராததுபோலக் குடையின் கம்பிகளைச் சரி செய்தேன். அவர்மேல் எனக்கு அப்போது உண்டான பிரியம் சொல்லி முடியாது. ஊரைக் கூட்டிப் பேசுவதை விட, பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

நான் போடியை விட்டுக் கிளம்பிய காலையில் வழியனுப்ப வீரணன் வந்தான். பரிசம் போடும் அன்றைக்கு வெற்றிலைத் தட்டை அவனே தூக்கி வரவேண்டும் என்று மாமன் சொல்லிவிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை அவனுக்கு. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. குரங்கணிச் சரக்கு, கொழும்பு வீட்டுக்கு என்று ஒரு சிறு துணிமுடிப்பை மடியிலிருந்து எடுத்தான். எடுத்தவன் கொடுக்கத் தயங்கினான். கையைப் பாதி நீட்டி, நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தான்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில்கூட இன்னும் ஏறவில்லை. இடது கையிலிருந்த குடையை வலது கைக்கு மாற்றி விரித்துப் பிடித்துக்கொண்டு, "கொடு தம்பி," என்று கையை நீட்டினேன்.